ரயிலுக்காக மனு எழுதப் போகிறீர்களா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

"எங்கள் ஊருக்குக் கூடுதல் ரயில் வேண்டும்" என்று நாலு வருஷம் மனு கொடுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவது வருஷம், சாயங்கால பாசஞ்சரை ஜங்ஷனில் இருந்து பதினைந்து நிமிஷம் தள்ளிக் கிளப்புங்கள் என்று மட்டும் கேட்டோம். அந்த வண்டி கிளம்பிப் பத்து நிமிஷம் கழித்துத்தான் கல்லூரிப் பிள்ளைகள் வரும் இன்னொரு வண்டி ஜங்ஷனுக்குள் நுழையும், எத்தனை பேர் அப்படித் தவறவிட்டு நிற்கிறார்கள் என்று இரண்டு வாரம் எண்ணி எழுதிக் கொடுத்தோம். நேரம் மாறியது. அதனால்தான், ரயில் பயணிகள் சங்கம் ஆரம்பிக்க வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும் லெட்டர்பேடு அடிக்காதீர்கள், நோட்டு வாங்குங்கள் என்கிறேன்.

ஐந்தாறு பேர் போதும், தினமும் ரயிலில் போய்வருகிற சீசன் டிக்கெட்காரர்களாக இருந்தால் நல்லது. ஒரு மாதம் உங்கள் ஊரில் நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் வர வேண்டிய நேரம், வந்த நேரம், ஏறியவர்கள், இறங்கியவர்கள் என நாலு பத்தி போட்டு எழுதுங்கள். தாமதம் என்றால் எங்கே நின்றது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒற்றைப் பாதையில் கிராஸிங்குக்காக, அதாவது எதிரே வரும் வண்டிக்கு வழிவிட, எந்த ஸ்டேஷனில் காத்துக் கிடந்தது என்பது பின்னால் மிகவும் உதவும். தீபாவளி, பொங்கல் கூட்டத்தைத் தனியாக வையுங்கள். அதைச் சேர்த்தால் உங்கள் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் பிளாட்ஃபாரத்தில் மட்டும் எண்ணினால் பாதிக் கதைதான் கிடைக்கும். நேரம் ஒத்துவராததால் ரயிலுக்கே வராதவர்கள் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள், காலை ஏழு மணிக்கு அங்கே போய்ப் பேசுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும், ரயில் இருந்தால் வருவீர்களா என்று மூன்றே கேள்வி. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளை ஸ்பெஷல் என்ற பெயரில் ஓட்டிக் குறைந்தபட்சக் கட்டணமாக 30 ரூபாய் வாங்கினார்கள் அல்லவா, அப்போது பஸ்ஸுக்குப் போனவர்களில் பலருக்கு 2024 பிப்ரவரியில் அது மறுபடி 10 ரூபாய் ஆனதே எங்கள் ஊரில் தெரிந்திருக்கவில்லை. அவர்களிடம் சொல்வதும் சங்கத்தின் வேலைதான்.

அடுத்து, ஏன் இப்படி இருக்கிறது என்று காரணத்தைத் தேடுங்கள். 2019-ல் திருவாரூர் – காரைக்குடி அகலப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியபோது சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. தண்டவாளம் புதுசுதான், கேட்கீப்பர்கள்தான் போதவில்லை. ரயிலிலேயே வந்த ஊழியர்கள் ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடி, வண்டி கடந்ததும் திறந்துவிட்டு மறுபடி ஏற வேண்டியிருந்தது. அந்த நிலையில் "வேகமான ரயில் விடுங்கள்" என்று கேட்பதில் அர்த்தமில்லை, கேட்டுகளுக்கு ஆள் போடுங்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

புது ரயில் கேட்பதைவிட இருக்கிற ரயிலை நீட்டிக்கக் கேட்பது எப்போதும் சுலபம். ஜங்ஷனுக்கு வந்து நாலைந்து மணி நேரம் சும்மா நிற்கும் ரேக் (ஒரு ரயிலின் மொத்தப் பெட்டித் தொடர்) ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நேரத்தில் உங்கள் ஊர் வரை போய்த் திரும்ப முடியும் என்று நிமிஷக் கணக்கோடு காட்டினால், புதுப் பெட்டி தேவையில்லை, பராமரிப்புக்குத் தனி இடமும் தேவையில்லை. அதிகாரி யோசிக்கவாவது செய்வார்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் நிறைய சங்கங்கள் வருஷக்கணக்காக வீணடிக்கின்றன. தெற்கு ரயில்வேயில் சென்னை, சேலம், திருச்சி, மதுரை, பாலக்காடு, திருவனந்தபுரம் என்று ஆறு கோட்டங்கள். குடிநீர், விளக்கு, நிழற்கூரை, கழிப்பறை, டிக்கெட் கவுன்ட்டர் நேரம் எல்லாம் கோட்ட மேலாளர் அலுவலகத்திலேயே முடியும் விஷயங்கள். புதிய ரயிலும் எக்ஸ்பிரஸுக்கு நிறுத்தமும் டெல்லியில் ரயில்வே வாரியம் வரை போகும், அதற்கு எம்.பி.யின் கடிதம் வேண்டும், நாடாளுமன்றத்தில் அவர் கேள்வி எழுப்பினால் இன்னும் நல்லது. ஓடும் வண்டியில் தண்ணீர் இல்லை, அழுக்காக இருக்கிறது என்பதற்கெல்லாம் மனு வேண்டாம், ரயில்வே உதவி எண் 139-க்கு அழைத்துப் புகார் எண்ணை வாங்கி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

மனு ஒரே பக்கம், ஒரே கோரிக்கை. பதினெட்டு கோரிக்கை எழுதினால் அதில் மிகச் சின்னதைச் செய்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். தமிழில் எழுதுங்கள், கூடவே ஆங்கிலப் பிரதியும் வையுங்கள், வெளிமாநில அதிகாரிகள் நிறைய இருக்கிறார்கள். இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

பதில் வராவிட்டாலோ, "இயக்க ரீதியாகச் சாத்தியமில்லை" என்று ஒரு வரி வந்தாலோ, தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும், இல்லையென்றால் மேல்முறையீடு. ஏன் ரயில் விடவில்லை என்று கேட்காதீர்கள், அதற்கு ஒழுங்கான பதில் வராது. எங்கள் ஸ்டேஷனில் போன மூன்று வருஷம் மாதவாரியாக விற்ற டிக்கெட் எத்தனை, வருமானம் எவ்வளவு, இந்தப் பாதையில் அனுமதித்த வேகம் எவ்வளவு, எங்கள் மனு மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் என்று ஆவணத்தைக் கேளுங்கள். ரேக் இல்லையா, டிரைவர் இல்லையா, பாதையில் இடம் இல்லையா என்பது அதில்தான் தெரியும், அடுத்த மனுவை அதற்கேற்ப எழுதலாம்.

சங்கத்தைப் பதிவு செய்வதற்கு அவசரமில்லை. ஆனால் ஒரு வருஷம் தாண்டினால் செய்துவிடுங்கள், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும். கோட்ட அளவிலான பயணிகள் ஆலோசனைக் குழுவில் இடம் கேட்கப் பதிவு உதவும்.

ஸ்டேஷன் மாஸ்டரோடு சண்டை வேண்டாம். ரயிலை விடுவதும் நிறுத்துவதும் அவர் முடிவு இல்லை, அவரும் ஆள் பற்றாக்குறையில் தவிப்பவராகத்தான் பெரும்பாலும் இருப்பார். மறியலைப் பற்றியும் யோசித்து முடிவு எடுங்கள். ரயிலை மறித்தால் ரயில்வே சட்டம் 174-ஆவது பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு, வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கும் பையன்களைத் தண்டவாளத்தில் உட்காரவைக்க எனக்கு மனம் வராது.

பொறுமை வேண்டும், மதுரை – போடி பாதை அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 கடைசியில் மூடப்பட்டு, தேனிக்கு ரயில் வர 2022 மே ஆனது, போடிக்கு 2023 ஜூன்.

சரி, நிறுத்தம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் ஆறு மாதச் சோதனை நிறுத்தமாகத்தான் தருவார்கள், டிக்கெட் விற்பனையைப் பார்த்துவிட்டு எடுத்தும் விடலாம். முதல் நாள் மாலை போட்டு வரவேற்றுவிட்டு மறந்துவிடுகிறோம், அங்கேதான் தோற்கிறோம். டிக்கெட்டை எங்கிருந்து எடுக்கிறார்களோ அந்த ஸ்டேஷன் கணக்கில்தான் விற்பனை சேரும், முன்பதிவு செய்யும்போது பழக்கத்தில் ஜங்ஷனில் இருந்து எடுத்தால் நம் ஊருக்கு ஒன்றும் சேராது. எந்த ஸ்டேஷன் பெயர் போட்டு எடுக்க வேண்டும், வண்டி எத்தனை மணிக்கு என்று டீக்கடை, மருந்துக்கடை, பள்ளிக்கூட வாசல் எல்லாவற்றிலும் எழுதி ஒட்டுங்கள், ஆறு மாதமும் நோட்டில் எண்ணிக்கொண்டே இருங்கள்.