மறுநுழைவு அனுமதி தாமதமா? ஊருக்குக் கிளம்பும் முன் தவிர்க்க வேண்டியவை

தீபாவளிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. ஆனால் சிங்கப்பூர் நிரந்தரவாசிகள் தங்கள் தகுதியை இழக்காமல் வெளிநாடு போய்வரத் தேவையான மறுநுழைவு அனுமதியைப் புதுப்பிக்கப் போட்ட விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. இந்த நேரத்தில் நிரந்தரவாசிகள் பலர் செய்யும் பெரிய தவறு, விண்ணப்பித்ததற்கான ரசீதையே அனுமதி என்று நம்பிக் கிளம்புவது. ரசீது எதற்கும் செல்லாது. வெளிநாட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும், திரும்பி வந்து இறங்கும் நாள் உட்பட, அனுமதி நடப்பில் இருக்க வேண்டும்.

அனுமதி காலாவதியான பிறகும் சிங்கப்பூருக்குள்ளேயே இருந்தால் நிரந்தரவாசத் தகுதிக்கு ஆபத்தில்லை. எல்லையைத் தாண்டினால்தான் சிக்கல். மதியச் சாப்பாட்டுக்கு மலேசியாவின் ஜோகூர் பாரு போய் வருவதும் வெளிநாட்டுப் பயணம்தான். உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டுவதை யாரும் பயணமாகவே நினைப்பதில்லை என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"அதான் 180 நாள் அவகாசம் கொடுத்திருக்காங்களே" என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். 2025 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த விதி அது. செல்லுபடியாகும் அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் இருப்பவர், அந்த நிலை தொடங்கிய நாளிலிருந்து 180 நாளுக்குள் புதிய அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்; விண்ணப்பிக்காவிட்டால் நிரந்தரவாசத் தகுதி போய்விடும். அது விண்ணப்பிக்கக் கொடுத்த அவகாசம். அனுமதி கிடைத்தே தீரும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. தெரிந்தே அதை நம்பி விமானம் ஏறாதீர்கள்.

காலாவதிக்கு மூன்று மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். எல்லாருக்கும் 5 ஆண்டுதான் கிடைக்கும் என்ற நினைப்பில் பலர் தேதியைப் பார்ப்பதே இல்லை. ஓராண்டுக்கு மட்டும் அனுமதி பெற்றவர்கள் உண்டு. போன முறை 5 ஆண்டு கிடைத்தது என்பதால் இந்த முறையும் அப்படியே என்று இருந்துவிடுகிறார்கள். அரசாங்க மின்னடையாளமான சிங்பாஸ் மூலம், குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் மைஐசிஏ தளத்தில் நுழைந்து, குடும்பத்தில் ஒவ்வொருவருடைய தேதியையும் தனித்தனியாகப் பாருங்கள். கணவருக்கு ஒரு தேதி, மனைவிக்கும் பிள்ளைக்கும் வேறு தேதி இருக்கலாம்.

தாமதம் என்று நாம் நினைப்பது பல நேரம் தாமதமே இல்லை. கூடுதல் ஆவணம் கேட்டு வந்த மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டியில் கிடக்கும், அல்லது முதலாளியின் கடிதத்தில் பழைய பதவியோ பழைய சம்பளமோ இருக்கும். வேலை மாறியிருந்தால் புதிய நிறுவனத்தின் கடிதத்தையே கொடுங்கள். இடையில் கடப்பிதழைப் புதுப்பித்திருந்தால், புதிய எண்ணைப் பயணத்துக்கு முன்பே ஆணையத்திடம் தெரிவித்துவிடுங்கள்.

பதற்றத்தில் இரண்டாவது விண்ணப்பம் போடுவதால் வேகம் கூடாது, குழப்பம்தான் கூடும். ஊரில் இறப்பு, அவசர சிகிச்சை போன்ற காரணம் இருந்தால் விண்ணப்ப எண், பயணத் தேதி, மருத்துவமனைக் கடிதம் அல்லது இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் இணைத்து ஆணையத்துக்கு எழுதுங்கள். "கொஞ்சம் சீக்கிரம் பாருங்க" என்று மட்டும் எழுதினால் அதிகாரி எதை வைத்து முடிவெடுப்பார்? விரைவாக முடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் முகவரிடம் சிங்பாஸ் மறைச்சொல்லை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள்.

எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளை வைத்திருக்கும் வெளிநாட்டவர்களுக்கு இது வேறு கதை. புதுப்பிப்பை முதலாளிதான் மனிதவள அமைச்சிடம் போட வேண்டும். அட்டையில் காலாவதித் தேதி அச்சாகியிருக்காது. எஸ்ஜிவொர்க்பாஸ் செயலியில் கியூஆர் குறியீட்டை வருடிப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் நிறுவனத்தின் மனிதவளத் துறையில் இருப்பவர் "போட்டாச்சு" என்று சொன்னதோடு விடாமல், நீங்களே வருடிப் பாருங்கள்.

முதன்முறை நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்கள், கையில் இருக்கும் பாஸ் செல்லும் வரை தாராளமாகப் பயணம் போகலாம். ஒப்புதல் கடிதம் வந்தபின் நீண்ட பயணம் வேண்டாம்: மருத்துவப் பரிசோதனை, அசல் ஆவணங்களுடன் நேரில் வருவது ஆகியவற்றைக் கடிதத்தில் குறித்த கெடுவுக்குள் முடிக்க வேண்டும். ஊரிலிருந்து வர வேண்டிய அசல் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் இரண்டையும் அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே வரவழைத்து வைத்துக்கொள்ளுங்கள்.