மூளை நரம்புறைக் கட்டி: எங்கே கோட்டை விடுகிறோம்?

நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்காக இடது காதில் போனை வைத்துப் பேசிப் பழகியவர், இப்போது வலது காதுக்கு மாறியிருக்கிறார். எப்போது மாறினார் என்று அவருக்கே தெரியாது. கேட்டால், "அந்தப் பக்கம் சத்தம் வருது, பேச்சுதான் புரியலை, போன் பழசாயிடுச்சு" என்பார். போனில் ஒரு குறையும் இருக்காது.

சத்தம் கேட்கிறது ஆனால் சொல் புரியவில்லை, அதுவும் ஒரே பக்கம். இதுதான் கவனிக்க வேண்டிய இடம். மண்டைக்குள் வரும் நரம்புறைக் கட்டிகளில், அதாவது ஷ்வானோமாக்களில், கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்பது எட்டாம் நரம்பில்தான் (கேட்பதற்கும் சமநிலைக்குமான நரம்பு) உட்கார்ந்திருக்கும். அதற்கு 'அகூஸ்டிக் நியூரோமா', அதாவது கேட்கும் நரம்புக் கட்டி, என்ற பழைய பெயர் இன்னமும் ரிப்போர்ட்டுகளில் வருகிறது. அந்தப் பெயரே பாதி தப்பு: கட்டி பெரும்பாலும் கிளம்புவது கேட்கும் நரம்பில் அல்ல, பக்கத்தில் ஓடும் சமநிலை நரம்பின் உறையில். ஆனாலும் முதலில் அடிபடுவது கேட்கும் திறன்தான். அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1917-லேயே இதை எழுதி வைத்துவிட்டார். நூறு வருஷம் தாண்டியும் "வயசாச்சு", "காதுல அழுக்கு" என்று சொல்லி அனுப்புவது நிற்கவில்லை. வயதானால் இரண்டு காதும் சேர்ந்து மந்தமாகும். ஒரு காது மட்டும் என்றால் ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை எடுக்க வேண்டும், அது ஒரு பக்கம் நரம்புக் குறை என்று காட்டினால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். இதில் இன்னொரு பொறி உண்டு. சிலருக்குத் திடீரென்று ஒரே நாளில் காது அடைத்துக்கொள்ளும், ஸ்டீராய்டு கொடுத்ததும் ஓரளவு திரும்பிவிடும், எல்லோருக்கும் நிம்மதி. ஸ்டீராய்டுக்குக் கேட்டது என்பதால் கட்டி இல்லை என்று ஆகிவிடாது. கட்டி இருந்தும் ஸ்டீராய்டில் தேறியவர்கள் இருக்கிறார்கள்.

"தலை சுற்றலே இல்லையே, எப்படிக் கட்டி இருக்கும்?" என்பதும் அடிக்கடி காதில் விழுகிற கேள்வி. கட்டி மெதுவாக வளர்வதால், ஒரு பக்க நரம்பு தேயத் தேய மூளை மற்ற பக்கத்தை வைத்துச் சமாளித்துக்கொள்கிறது. அதனால் சுழலுவதைவிட, இருட்டில் நடக்கும்போது லேசாகத் தள்ளுவதுதான் அதிகம். அதை யார் போய் டாக்டரிடம் சொல்கிறார்கள்!

ஸ்கேன் விஷயம். கான்ட்ராஸ்ட் மருந்து போடாத சி.டி. ஸ்கேன் ஒன்று எடுத்து, "மூளை நார்மல்" என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் நான் பார்த்ததிலேயே விலை அதிகமான சிக்கனம். உள்காதுக் குழாய்க்குள் இருக்கிற சின்னக் கட்டியைச் சுற்றி எலும்பு, அதில் சி.டி. ஒன்றும் காட்டாது. எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் சீட்டில் 'பிரெய்ன்' என்று ஒரே சொல் இருந்தால், 5 மி.மீ. தடிமனில் வெட்டி வெட்டி எடுப்பார்கள், 3 மி.மீ. கட்டி இரண்டு வெட்டுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும். "இடது பக்கம் காது மந்தம், உள்காதுக் குழாய் பார்க்கவும்" என்று ஒரு வரி சேர்த்து எழுதினால், ஸ்கேன் சென்டரில் அந்த இடத்தை மெல்லிய வெட்டுகளாக எடுப்பார்கள், தேவைப்பட்டால் கான்ட்ராஸ்ட்டும் போடுவார்கள்.

கட்டி தெரிந்துவிட்டது, சரி, பெயர் வைப்பதில் அடுத்த சறுக்கல். மூளைக்கும் உள்காதுக் குழாய்க்கும் நடுவிலுள்ள அதே மூலையில் மெனிஞ்சியோமாவும் (மூளை உறைக் கட்டி) வரும், எபிடெர்மாய்டும் (தோல் செல்கள் சேர்ந்த பை) வரும். ஷ்வானோமா குழாயை அகலப்படுத்திக்கொண்டு வெளியே பிதுங்கும், படத்தில் ஐஸ்கிரீம் கோன் மாதிரி இருக்கும். மெனிஞ்சியோமா எலும்பின் மேல் அகலமாக ஒட்டிப் படுத்திருக்கும், வால் மாதிரி உறை நீளும், சுண்ணாம்பு படிந்திருக்கலாம். எபிடெர்மாய்டு டிஃப்யூஷன் என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் பளிச்சென்று வெளுக்கும். இதெல்லாம் பெரும்பாலும்தான், எப்போதும் அல்ல.

மற்ற நரம்புகளுக்கு வந்தால் ஏமாற்றம் இன்னும் கூடுகிறது. முகத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால் உடனே பெல்ஸ் பால்ஸி, அதாவது தெளிவான காரணம் இல்லாமல் திடீரென்று வரும் முகவாதம், என்று எழுதிவிடுகிறோம், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பெல்ஸ் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய்விடும். மூன்று வாரம் தாண்டியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போவது, அதே பக்கம் திரும்பத் திரும்ப வருவது, ஆறு மாதமாகியும் ஒரு அசைவும் திரும்பாதது, இவையெல்லாம் பெல்ஸின் குணம் இல்லை. முகநரம்பில் கட்டி என்று தெரிந்தபிறகு "ஒரு துண்டு எடுத்துப் பார்த்துடலாம்" என்று கை வைப்பது இன்னொரு தவறு: அந்தத் துண்டோடு நரம்பும் போய், அதுவரை சிரித்த முகம் கோணிவிடலாம். முகத்தின் உணர்ச்சிக்கான ஐந்தாம் நரம்பில் வந்தால் முகம் மரத்துப்போகும், அல்லது தாடை வலிக்கும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, அதற்கு அடுத்ததையும் பிடுங்கி, வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். மரத்துப்போன முகத்தில் வலியும் இருந்தால் பல்லை விட்டுவிட்டு நரம்பைத் தேடுங்கள். அப்படித் தேடும்போது எச்சில் சுரப்பிப் புற்று நரம்பு வழியாகவே ஏறி வந்து ஷ்வானோமா போல நிற்கும் சாத்தியத்தையும் மறக்க வேண்டாம்.

இனி என் மேசைக்கு வருவது. நான் ஸ்லைடு பார்க்கிறவன். நோயாளியைப் பார்த்தவர் எழுதிய நாலு வரியும் ஒரு துண்டு சதையும்தான் எனக்கு வந்து சேரும். எல்லாவற்றிலும் அரிதானது, மூளைச் சதைக்குள்ளேயே வரும் ஷ்வானோமா. அங்கே அது இருக்கவே கூடாது. மூளைக்குள் நரம்பிழைக்கு உறை போடுவது வேறு செல். ஷ்வான் செல்லின் வேலை, நரம்பு மூளையை விட்டு வெளியே வந்த பிறகுதான் தொடங்குகிறது. மூளையின் ரத்தக் குழாய்களோடு ஒட்டிப் போகும் பொடி நரம்புகளிலிருந்து வரலாம் என்பது ஒரு விளக்கம். 1966-ல் முதலில் எழுதப்பட்ட காலத்திலிருந்தே இது பெரும்பாலும் சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் வலிப்பாகத் தலைகாட்டுகிறது. படத்தில் ஒரு நீர்ப்பை, அதன் சுவரில் ஒரு முடிச்சு, சுற்றிலும் வீக்கம். பார்ப்பவர் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா (மெதுவாக வளரும் ஒரு மூளைச் சதைக் கட்டி) என்பார். நம் ஊரில் ஓரம் மட்டும் வெளுத்துத் தெரிந்தால் காசநோய்க் கட்டி என்றோ நாடாப்புழு என்றோ மருந்து தொடங்குவதும் உண்டு. இங்கே அவைதான் அதிகம் என்பதால் அப்படி நினைப்பதில் தப்பில்லை. மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்துவிட்டு, கட்டி சுருங்கியதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் இருப்பதுதான் தப்பு.

ஆபரேஷன் நடக்கும்போதே அனுப்பும், உறையவைத்து அவசரமாகப் பார்க்கும் ஃப்ரோஸன் துண்டில் நீள நீளமான செல்கள் தெரியும். மூளைக்குள்ளிருந்து வந்தது என்பதால் கை தானாக 'கிளையோமா' (மூளைச் சதையிலேயே முளைக்கும் கட்டி) என்று எழுதப் போகும். நிதானமாகப் பார்த்தால் சில இடங்களில் உட்கருக்கள் இரண்டு வரிசையாக, பந்திக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்த மாதிரி நிற்கும், நடுவில் உட்கரு இல்லாத ரோஸ் நிறப் பட்டை. 1910-ல் ஹோசே வெரோகாய் விவரித்த உருவம் இதுதான். அடர்ந்த பகுதி ஒன்று, தளர்ந்த பகுதி ஒன்று என்று மாறி மாறி வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

சாயம் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்பீர்கள். செல்லில் உள்ள புரதத்தைக் காட்டும் சாயங்களில் எஸ்-100 ஷ்வானோமாவில் அடர்த்தியாகப் பிடிக்கும், கிளையோமாவிலும் பிடிக்கும். சாக்ஸ்-10 மெனிஞ்சியோமாவிலிருந்து பிரித்துக் காட்டும், கிளையோமாவிலிருந்து பிரிக்காது. ஜி.எஃப்.ஏ.பி. வந்தால் கிளையோமாதான் என்று முடிவு கட்டுவது பழைய பழக்கம், ஆனால் ஷ்வானோமாவிலும் அது வருவதுண்டு. இங்கே கைகொடுப்பது, விலை மலிவான ரெட்டிகுலின் சாயம்: ஷ்வானோமாவில் ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கறுப்பு வலை ஓடும், கிளையோமாவில் ரத்தக் குழாயைச் சுற்றி மட்டும். கூடவே ஓலிக்-2 என்ற புரதச் சாயம் பிடிக்காமல் போனால் கிளையோமா பக்கம் பெரும்பாலும் மூடிவிடும்.

பழைய கட்டிகளில் உட்கரு கோணல்மாணலாகப் பெருத்து, பார்க்க ரொம்பக் கொடூரமாக இருக்கும். அது கிழடு தட்டியதன் அடையாளம், புற்று அல்ல. செல் பிரிவு எங்கே என்று தேடினால் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. பெயர் தவறினால் முழுதாக எடுத்தாலே குணமாகிவிடும் ஒரு கட்டிக்காகப் பதினைந்து வயதுப் பையனின் மூளைக்குக் கதிர்வீச்சு போகலாம். எனக்கு இதில்தான் பயம்.

முப்பது வயதுக்குள் எட்டாம் நரம்பில் கட்டி வந்தவரிடம் "வீட்டில் யாருக்கும் இல்லையே" என்று கேட்டு நிறுத்திவிடக் கூடாது. இரண்டு பக்கக் காது நரம்பிலும் கட்டி வரவைக்கும் ஜீன் நோயான என்.எஃப்.2 பாதிப்பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவே வருகிறது. மறுபக்கக் காது, முதுகுத்தண்டு, கண்ணில் இள வயதுப் புரை எல்லாம் பார்க்க வேண்டும். தோலில் காப்பிக் கறை தேடுவது என்.எஃப்.1-க்கு. அது வேறு ஜீன், வேறு நோய். இந்தக் குழப்பம் போதும் என்றுதான் 2022-ல் என்.எஃப்.2-க்கு ஷ்வானோமாட்டோசிஸ் என்ற வரிசையில் பெயரையே மாற்றினார்கள்.

அப்புறம், உடனே கத்தி எடுக்காமல் கண்காணிக்கிறவர்களுக்கு ஒன்று. காது நரம்புக் கட்டிகள் பல ஆண்டுக்கணக்கில் வளராமலே கிடக்கும், வளர்ந்தாலும் வருஷத்துக்கு ஓரிரு மி.மீ. போன வருஷப் படத்தோடு மட்டும் ஒப்பிட்டால் ஒவ்வொரு முறையும் "பெரிய மாற்றம் இல்லை" என்றே ரிப்போர்ட் வரும், ஐந்து வருஷத்தில் அது 6 மி.மீ. கூடியிருக்கும். அதனால் முதல் ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கைப் பத்திரமாக வைத்து ஒவ்வொரு தடவையும் கையோடு கொண்டு போங்கள்; ஆபரேஷன் ஆகியிருந்தால் ரிப்போர்ட் காகிதத்தோடு நிற்காமல் மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கி வையுங்கள், இன்னொருவர் திருப்பிப் பார்க்க வேண்டி வந்தால் காகிதத்தை வைத்துக்கொண்டு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.