சபையில் ஒருவர் பாவத்தில் விழுந்துவிட்டார் என்று காதுக்கு வந்தால் என்ன செய்வது

"ஜெபத்துக்காகத்தான் சொல்றேன், வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று யாராவது ஆரம்பித்தால், அடுத்த வார்த்தை வருவதற்குள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அவங்ககிட்ட பேசிட்டீங்களா?" இல்லை என்று பதில் வந்தால், "அப்போ முதல்ல அவங்ககிட்ட பேசுங்க, எனக்கு இப்ப தெரிய வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். எதிரில் இருப்பவர் முகம் சுருங்கும், சுருங்கட்டும். நம் சபைகளில் புறங்கூறுதலுக்கு நாம் வைத்திருக்கும் மரியாதையான பெயர் "ஜெபக் குறிப்பு", இதை நாம் ஒத்துக்கொண்டால்தான் மேலே பேச முடியும்.

நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் போன நாள் ஒன்று உண்டு. கம்மனஹள்ளியில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு தங்கை, கணவரை விட்டுவிட்டுக் குழந்தையோடு தனியாக வீடு எடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். ஆபீஸில் யாருடனோ பழக்கமாம் என்ற பேச்சும் ஒட்டிக்கொண்டு வந்தது. நான் அதை இரண்டு பேரிடம், ஜெபிக்கச் சொல்லித்தான், சொன்னேன். பெங்களூரில் நமக்குச் சொந்தபந்தம் என்று இருப்பது பெரும்பாலும் சபைதான், அல்சூரிலும் லிங்கராஜபுரத்திலும் உட்கார்ந்து பேசுவது அன்று சாயங்காலமே ஊரில் நாசரேத்துக்கும் பாளையங்கோட்டைக்கும் போனில் போய்விடும். அவளுடைய அம்மாவுக்கும் போனது. அவள் கடைசி பெஞ்சுக்குப் போனாள், அப்புறம் திருவிருந்துக்கு முன்பே எழுந்து போனாள், அப்புறம் வரவே இல்லை. மூன்று மாதம் கழித்து நான் அவள் வீட்டுக்குப் போனேன். டீ போட்டுக் கொடுத்தாள். முழங்கைக்கு மேலே இருந்த தழும்பைக் காட்டினாள். வேறு யாருமே கிடையாது, அடி தாங்காமல் வெளியே வந்தவள். "அக்கா, எல்லாரும் என்னைப் பத்திப் பேசினீங்க, என்கிட்ட ஒருத்தர்கூடப் பேசல" என்றாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மத்தேயு 18:15 நேரடியாகவே வழி சொல்கிறது: சகோதரன் குற்றம் செய்தால் "நீயும் அவனும் தனித்திருக்கையில்" உணர்த்து. பிறரைத் தீர்ப்புச் செய்யாதிருங்கள் என்று 7ஆம் அதிகாரத்தில் சொன்ன அதே இயேசுதான் இதையும் சொல்கிறார். ஆகவே பாவத்தைப் பாவம் என்று சொல்லவே கூடாது என்று அர்த்தமில்லை. உங்கள் கண்ணில் உள்ள உத்திரத்தை எடுத்துவிட்டு, சகோதரன் கண்ணில் உள்ள துரும்பை எடுத்துப்போட வா என்றுதான் அந்தப் பகுதி முடிகிறது. கண்ணில் தூசு விழுந்தவனுக்கு உதவி தேவைதான், ஆனால் அதைக் கூட்டத்துக்கு நடுவில் நின்று செய்ய முடியாது, பக்கத்தில் போய், மெதுவாக, கை நடுங்காமல் செய்ய வேண்டியிருக்கும்.

போவதற்கு முன்பு ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். அதே 18ஆம் அதிகாரத்தில் வரும் உவமையில் ராஜா ஊழியக்காரனுக்கு மன்னித்த கடன் பதினாயிரம் தாலந்து, அந்த ஊழியக்காரன் தன் உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்தது நூறு வெள்ளிப்பணத்துக்காக. ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி, ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். நாள் கூலி 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அவனுக்கு வர வேண்டியது 80,000 ரூபாய், அவனுக்கு மன்னிக்கப்பட்டது 4,800 கோடி. 80,000 ரூபாயும் லேசான தொகை இல்லை, மாதச் சம்பளத்தில் வாடகை கட்டுகிறவர்களுக்கு அது தெரியும். உங்களுக்கு ஒருவர் செய்த துரோகம் உண்மையான நஷ்டம்தான், இயேசு அதை ஒன்றுமில்லை என்று தள்ளவில்லை. ஆனால் 4,800 கோடி தள்ளுபடியான கையோடு அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறோம் என்பது நினைவிருந்தால் குரல் தானாக இறங்கிவிடும். எனக்கு இறங்கியிருக்கிறது.

சரி, போய் என்ன பேசுவது? முதலில் கேளுங்கள். "உங்களைப் பத்தி ஒண்ணு காதுல விழுந்துச்சு, அடுத்தவங்ககிட்ட கேக்கறதுக்குப் பதிலா உங்ககிட்டயே வந்தேன், நான் யார்கிட்டயும் பேசல, சொல்ல இஷ்டமில்லன்னா வேண்டாம்." இவ்வளவு போதும். "கர்த்தர் உங்ககிட்ட பேசச் சொன்னார்" என்று தொடங்காதீர்கள், அப்படித் தொடங்கினால் எதிரில் இருப்பவர் நமக்குப் பதில் சொல்லவே வழியில்லாமல் போய்விடும். வசனத்தையும் உடனே எடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த வராண்டாவும் வேண்டாம், வீட்டுக்குப் போங்கள், அல்லது ஓரமாக ஒரு டீக்கடை.

யோவான் 8ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசித்தால் எனக்கு இரண்டு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. விபசாரத்தில் பிடிபட்டவள் என்று ஒரு பெண்ணை மட்டும் இழுத்து வந்து நிறுத்துகிறார்கள், லேவியராகமம் 20:10 ஆணையும் சேர்த்துத்தான் சொல்கிறது, அந்த ஆள் எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை. நம் சபையில் ஒரு பெண் கல்யாணத்துக்கு முன்னால் கர்ப்பமானால் யார் பெயர் அடிபடுகிறது, யார் தொடர்ந்து கொயரில் பாடிக்கொண்டிருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, "இனிப் பாவஞ்செய்யாதே" என்பதை இயேசு கூட்டம் மொத்தமும் கலைந்த பிறகுதான் சொல்கிறார், அதுவும் "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை" என்று சொல்லி முடித்த பிறகு. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம், முதலில் நீ திருந்து, அப்புறம் பார்க்கலாம் என்கிறோம்.

சொன்னது உண்மை, அவர் தவறியிருக்கிறார், அழுகிறார் என்றால் கலாத்தியர் 6:1 கையில் இருக்கட்டும். "சாந்தமுள்ள ஆவியோடே அப்படிப்பட்டவனைச் சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்று பவுல் சொல்லும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல், மத்தேயு 4:21இல் செபெதேயுவின் குமாரர் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற இடத்தில் வருவதும்தான். உவரி, மணப்பாடு பக்கம் ஊர் உள்ளவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கரையில் உட்கார்ந்து, வலையை மடியில் போட்டு, ஒவ்வொரு கண்ணாகக் கோர்ப்பார்கள், அதற்கு அரை நாள் ஆகும், சில நாள் முழுசும் ஆகும். குடியில் விழுந்த தம்பிக்கு வேண்டியதும் அதே மாதிரி நேரம்தான். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அவனுக்குப் போன் போடுவது, சாப்பிடக் கூப்பிடுவது, மறுபடி விழுந்தால் மறுபடி போன் போடுவது, டாக்டரிடம் கூடவே போவது.

கேட்கவே மாட்டேன் என்கிறவரை என்ன செய்வது என்றால், ஒன்றிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போவது, அப்புறம் சபைக்குச் சொல்வது என்று மத்தேயு 18 படிப்படியாக வழி வைத்திருக்கிறது. அதையும் கேட்காவிட்டால் அவன் ஆயக்காரனைப்போல, அதாவது ஊர் ஒதுக்கிவைத்த வரி வசூலிப்பவனைப்போல, இருக்கட்டும் என்கிறது. அதை எழுதிய சுவிசேஷத்தின் பெயரே ஓர் ஆயக்காரனுடையது, இயேசு அவன் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தார் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு இடத்தில் மட்டும் இந்த முறை செல்லாது. குழந்தையைத் தொட்டவன், மனைவியை அடிப்பவன், இவர்கள் விஷயத்தில் "தனியாகப் பேசி மன்னித்துவிடலாம்" என்பது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012இன் போக்சோ சட்டப்படி குழந்தைக்கு நடந்ததைத் தெரிந்தவர் புகார் சொல்லியே ஆக வேண்டும், உதவி எண் குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் 1999இல் ஒடிசாவில் கணவரையும் இரண்டு மகன்களையும் எரித்துக் கொன்றவர்களை மன்னித்தேன் என்றார். வழக்கு நின்றுவிடவில்லை, முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011இல் உறுதி செய்தது. மன்னிப்பு அவருடைய மனதிலிருந்து வந்தது, தண்டனை நீதிமன்றத்திலிருந்து வந்தது, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை.

ஏற்கெனவே பேசிவிட்டீர்கள் என்றால்? நான் செய்தது இதுதான். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், அது சுலபமான பாதி. பிறகு நான் சொன்ன அந்த இரண்டு பேரிடமும் போய், "நான் சொன்னது பொய், விசாரிக்காம சொன்னேன், நீங்க யார்கிட்ட சொன்னீங்களோ அவங்ககிட்ட இதையும் சொல்லுங்க" என்றேன். அவள் சம்மதத்தோடு ஊரில் அவள் அம்மாவுக்கும் போன் செய்தேன், அந்தம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

விலகிப்போனவர் மறுபடி சபைக்கு வரும் முதல் ஞாயிறு அன்று "ரொம்ப நாளா காணோமே" என்று கேட்காதீர்கள். சுற்றி நின்று கட்டிப்பிடிக்கவும் வேண்டாம், எல்லார் கண்ணும் அங்கே திரும்பும். வழக்கமாக உட்காரும் இடத்தை விட்டு எழுந்து அவர் பெஞ்சில் போய் உட்காருங்கள், பாட்டுப் புத்தகத்தை நடுவில் பிடியுங்கள், திருவிருந்துக்கு வரிசை எழும்பும்போது "வா, போகலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். குழந்தை இருந்தால் அதைத் தூக்கிக்கொள்ளுங்கள்.