கடினமான மனிதரிடம் நல்லதைக் காண்பது எப்படி

கோபத்தில் இருப்பவர் நம்பத்தகுந்த சாட்சியாக இருக்க முடியாது. நம்மோடு ஒத்துப்போகாத ஒருவரை நினைக்கும்போது, அவர் செய்தவற்றுள் நம்மை நோகடித்தவை மட்டும் துல்லியமாக நினைவுக்கு வருகின்றன, மற்றவை நழுவிவிடுகின்றன. ஆகவே அவரிடம் நல்லதைக் காண முயல்வதைப் பெருந்தன்மை என்று கருதாமல், விடுபட்டுப்போன பாதியைத் தேடி எடுக்கும் வேலையாகக் கருதினால் அது எளிதாகும்.

முதலில், நடந்ததையும் அதற்கு நாம் கற்பித்த பொருளையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். "அவர் என்னை மதிப்பதில்லை" என்பது நாம் கற்பித்த பொருள். "நான் பேசும்போது மூன்று முறை குறுக்கிட்டார்" என்பது நடந்தது. இரண்டையும் பிரித்தவுடன், குறுக்கிட்டதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் தானாகவே எழும்.

அந்த எண்ணம் பெரும்பாலும் நமக்கு எழுவதில்லை என்பதற்கு உளவியலில் பழைய சான்று உண்டு. 1967ஆம் ஆண்டில் ஜோன்ஸ், ஹாரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கியூபத் தலைவர் பிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்று எழுதியவருக்குக் கட்டளையிடப்பட்டிருந்தது எனத் தெரிந்த பின்னரும், படித்தவர்கள் அக்கட்டுரையை எழுதியவரின் சொந்தக் கருத்தாகவே எடுத்துக்கொள்ள முனைந்தார்கள். சூழ்நிலையை மறந்து எல்லாவற்றையும் குணத்தின் மீது ஏற்றும் இந்தப் போக்குக்கு 1977இல் லீ ராஸ் என்ற உளவியலாளர் 'அடிப்படைக் காரணக் கற்பிப்புப் பிழை' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். நாம் தாமதமாக வந்தால் வழியில் நெரிசல். அவர் தாமதமாக வந்தால் பொறுப்பின்மை.

அடுத்து, அவருடைய குறை எதன் மிகை என்று பாருங்கள். ஒவ்வொரு அறிக்கையிலும் பிழை கண்டுபிடித்து எரிச்சலூட்டும் சக ஊழியர், வேலை சரியாக முடிய வேண்டும் என்ற அக்கறையை அளவு தெரியாமல் காட்டுபவராக இருக்கலாம். எல்லாக் குறைக்கும் பின்னால் ஒரு நல்ல குணம் ஒளிந்திருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. சில வேளைகளில் கஞ்சத்தனம் வெறும் கஞ்சத்தனம்தான். ஊகத்தைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு: அவரிடம் உதவி கேட்டுச் செல்பவர்கள் யார், எதற்காகச் செல்கிறார்கள் என்று கவனியுங்கள். நாம் காணாத பக்கத்தை அவர்கள் கண்டிருப்பார்கள்.

கண்டதை அவரிடமே சொல்வது நல்லது. ஆனால் பொதுப்படையான புகழ்ச்சியை யாரும் நம்புவதில்லை. "நீங்கள் மிகவும் நல்லவர்" என்பதைவிட, "நேற்று நீங்கள் சுட்டிக்காட்டிய கணக்குப் பிழையால் மறுபடி அச்சிடும் வேலை மிச்சமாயிற்று" என்பது சென்று சேரும்.

மனிதரிடம் மட்டுமல்ல, கடினமான சூழ்நிலைகளிலும் நல்லதைத் தேடலாம். ஆனால் அந்தக் கதை சற்று வேறு. வேலை போன அன்றே, உறவு முறிந்த அன்றே, அதில் நன்மையைத் தேடுவது பயனற்றது. பிறருக்கு அந்த அறிவுரையை வழங்குவது கொடுமையும்கூட. 1986இல் பென்னபேக்கர், பீல் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், தங்களைப் பாதித்த நிகழ்ச்சிகளைப் பற்றி நான்கு நாட்கள் நாளுக்கு 15 நிமிடம் எழுதிய மாணவர்களுள், நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்த உடனே முன்பைவிட மனம் சோர்ந்திருந்தார்கள். ஆனால் அடுத்த ஆறு மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குச் சென்றது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. எனவே முதலில் வலியை வலியாகவே எழுதுங்கள். சில வாரங்கள் கழித்து, அந்த நாட்களில் யார் துணை நின்றார்கள், எந்த வேலையைத் தனியே செய்யக் கற்றீர்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் விடை தேடுங்கள். விடை கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம். இழப்பு இழப்பாகவே இருந்துவிடுவதும் உண்டு.

இந்த முயற்சிக்கு ஓர் எல்லையும் வேண்டும். அடிப்பவரிடமும், மிரட்டுபவரிடமும், தொடர்ந்து ஏமாற்றுபவரிடமும்கூட நல்ல குணங்கள் இருக்கக்கூடும். ஆனால் அவற்றைக் காண்பதற்காக அவர் அருகிலேயே இருக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. முதலில் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். அவருடைய நல்ல பக்கத்தைப் பற்றி அதன் பிறகு நினைத்தாலும் போதும், நினைக்காமலே இருந்தாலும் தவறில்லை.