தோத்துட்டே இருக்கற காலேஜ் பாஸ்கெட்பால் டீம்ல பசங்க வளர்றாங்களான்னு எப்படிப் பார்க்கறது

அமெரிக்கக் காலேஜ் பாஸ்கெட்பால்ல ஒரு டீம் வரிசையா தோக்க ஆரம்பிச்சா "இந்தக் கோச்சுக்கு பசங்கள வளர்க்கத் தெரியல"ன்னு எல்லாரும் ஒரே வரியில முடிச்சிடறாங்க. உண்மையாவும் இருக்கலாம். ஆனா மேட்ச் தோக்கறது வேற, பையன் வளராம நிக்கறது வேற, ரெண்டையும் பிரிச்சுப் பார்த்தாதான் கோச் மேல சொல்ற குறைக்கு ஒரு நியாயம் இருக்கும்.

முதல்ல பாயின்ட் ஆவரேஜ ஓரமா வைங்க. போன வருஷம் 6 பாயின்ட், இந்த வருஷம் 12, அதனால ரெண்டு மடங்கு வளர்ந்துட்டான்னு சொல்ல முடியாது, சீனியர்ஸ் எல்லாம் போயிட்டதால 15 நிமிஷம் ஆடிட்டிருந்தவன் 30 நிமிஷம் ஆடறான், அவ்வளவுதான். மோசமான டீம்லயும் யாராவது ஒருத்தர் ஷூட் பண்ணித்தானே ஆகணும்! அதனால 40 நிமிஷத்துக்கு எவ்வளவுன்னு மாத்திப் பாருங்க, காலேஜ் மேட்ச்சோட முழு நேரமே அதுதான். கூடவே யூசேஜ் ரேட் (அவன் கோர்ட்ல இருக்கறப்ப டீமோட அட்டாக்ல எவ்வளவு பங்கு அவன் கையில முடியுதுங்கறது), எஃபெக்டிவ் ஃபீல்டு கோல் சதவீதம் ரெண்டையும் பக்கத்துல வைங்க. இந்த சதவீதம் ஒண்ணும் பெரிய கணக்கு இல்ல, உள்ள போன மொத்த ஷாட்டோட, அதுல எத்தனை த்ரீயோ (தூரத்துல இருந்து போட்டு மூணு பாயின்ட் கிடைக்கற ஷாட்) அதுல பாதியைக் கூட்டி, போட்ட ஷாட் எண்ணிக்கையால வகுக்கணும். யூசேஜ் ஏறியும் இந்த சதவீதம் இறங்கலைன்னா பையன் நிஜமாவே வளர்ந்திருக்கான், டிஃபன்ஸ் அவனையே குறி வெச்சும் தாக்குப்பிடிக்கறான்னு அர்த்தம். நான் மத்த எந்த நம்பரையும் விட இதைத்தான் நம்புவேன்.

த்ரீ பாயின்ட் சதவீதத்துலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. சீசனுக்கு 100 த்ரீ போடற பையன் 31%ல இருந்து 36% ஆனா, கூட உள்ள போனது வெறும் 5 ஷாட், அதிர்ஷ்டத்துலயே அந்த அளவு ஏறும் இறங்கும். ஷூட்டிங் டச் நிஜமாவே மாறியிருக்கான்னு தெரியணும்னா ஃப்ரீ த்ரோவையும் பாருங்க, 15 அடி தூரம், தடுக்க ஆள் இல்ல, எப்பவும் ஒரே ஷாட். அதுவும் சேர்ந்து ஏறியிருந்தா சந்தோஷப்படலாம்.

யார்கூட ஆடினாங்கங்கறதும் ரொம்ப முக்கியம். நவம்பர் டிசம்பர்ல சின்ன டீம்களோட ஆடி நம்பர் ஏத்திட்டு, ஜனவரில கான்ஃபரன்ஸ் (அந்தக் காலேஜ் இருக்கற லீக்) மேட்ச் சூடு பிடிச்சதும் காணாம போறவங்க உண்டு, அதனால கான்ஃபரன்ஸ் மேட்ச் நம்பர போன வருஷ கான்ஃபரன்ஸ் மேட்ச் நம்பரோடதான் ஒப்பிடணும். காலேஜ் பாஸ்கெட்பால் நம்பர் எல்லாம் தர்ற பார்ட் டோர்விக் சைட்ல தேதி வாரியா பிரிச்சுப் பார்க்க வசதி இருக்கு.

டிஃபன்ஸ் பத்தி பாக்ஸ் ஸ்கோர் (மேட்ச் முடிஞ்சதும் வர்ற நம்பர் பட்டியல்) பெருசா எதுவும் சொல்லாது, கண்ணாலதான் பார்க்கணும். நவம்பர் மேட்ச் ஒண்ணு, பிப்ரவரி மேட்ச் ஒண்ணு எடுத்துக்கிட்டு பந்தப் பார்க்கறத விட்டுட்டு ஒரே ஒரு பையன மட்டும் கவனிங்க, கூட ஆடறவன் தோத்தா ஹெல்ப்புக்கு சரியான நேரத்துல வர்றானா, ஸ்க்ரீன்ல (எதிர் டீம் ஆள் குறுக்க நின்னு வழிய மறைக்கறது) மாட்டிட்டு நிக்கறானா, ஷூட்டர நோக்கி ஓடறப்ப பேலன்ஸ் தவறிப் பறக்கறானா. பிக் மேன்னா (கூடைப் பக்கத்துல ஆடற உயரமான பையன்) ஃபவுல் எண்ணிக்கைய பாருங்க, 5 ஃபவுல்ல வெளிய போயிடுவான், அதனால அது குறைஞ்சாலே பெரிய முன்னேற்றம்.

அவசரப்படாதீங்க. விஸ்கான்சின்ல ஃப்ராங்க் கமின்ஸ்கி முதல் வருஷம் 1.8 பாயின்ட், ரெண்டாவது வருஷம் 4.2, அப்ப பார்த்தவங்க பெஞ்ச் பிளேயர்னுதான் நினைச்சிருப்பாங்க, மூணாவது வருஷம் 13.9, நாலாவது வருஷம் 18.8 எடுத்து 2015ல நாட்டுலயே சிறந்த பிளேயர் விருது வாங்கினாரு. ஓக்லஹோமால படி ஹீல்டு த்ரீ போட்டது முதல் வருஷம் சுமார் 24%, கடைசி வருஷம் 46% கிட்ட. பொறுத்துப் பார்த்ததாலதான் ரெண்டும் தெரிஞ்சுது.

ஆனா அந்தப் பொறுமைக்கு இப்ப இடம் குறைஞ்சு போச்சு. 2018ல டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (காலேஜ் மாற விரும்பற பசங்க பேர் குடுக்கற பட்டியல்) வந்துது, 2021ல முதல் தடவை காலேஜ் மாறினா ஒரு வருஷம் ஆடாம உட்கார வேண்டாம்னு ஆச்சு, அதே வருஷம் பேர், முகத்த வெச்சு பசங்க சம்பாதிக்கவும் அனுமதி கிடைச்சுது, 2024ல படிப்பு சரியா இருந்தா எத்தனை தடவை வேணா மாறிக்கலாம்னு ஆயிடுச்சு. நல்லா வளர்ந்த பையன் கிளம்பிடறான், அதனால தோக்கற டீம்ல மிச்சம் இருக்கறவங்கள மட்டும் வெச்சு கோச்ச எடை போட்டா தப்பாதான் வரும். போனவங்களையும் ஒரு லிஸ்ட் போட்டு ரெண்டு சீசன் ஃபாலோ பண்ணுங்க. பெரிய கான்ஃபரன்ஸ் டீம் ஒண்ணு ஆசைப்பட்டுத் தூக்கிட்டுப் போயிருந்தா அது இந்தக் கோச் வளர்த்த பையன், அந்தப் பெருமைய அவருக்குக் குடுத்தே ஆகணும். அதுக்கு மாறா, இங்க தேங்கிக் கிடந்த பசங்க ரெண்டு மூணு பேர் வேற இடத்துல அதே ரோல்ல, அதே நிமிஷத்துல டர்ன்ஓவர் (பந்த எதிர் டீம்கிட்ட விடறது) குறைச்சு, நல்ல ஷாட்டா தேர்ந்தெடுத்து ஆடறாங்கன்னா, அப்ப தாராளமா கோச்சக் கேள்வி கேளுங்க.