செய்திமடலை நிறுத்தாமல் எழுதுவது எப்படி? வணிகம் செய்பவர்களுக்கு ஒரு செய்முறை

வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பும் செய்திமடலின் முதல் இதழ் உற்சாகத்தில் போய்விடும். இரண்டாவது கொஞ்சம் இழுக்கும். அப்புறம் "இந்த வாரம் வேலை அதிகம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தொடங்கும். இதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன். எதைப் பற்றி எழுதுவது என்று யோசிப்பது, எழுதுவது, திருத்துவது, அனுப்புவது என எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யப் பார்ப்பதுதான் பெரும்பாலும் சிக்கல்.

படி 1: இடைவெளியை முடிவு செய்யுங்கள்

ஓய்வான வாரத்தை மனதில் வைத்து முடிவெடுக்காதீர்கள். மாதக் கடைசி, ஊழியர் விடுப்பில் போன வாரம் போன்ற நாட்களிலும் எழுத முடியுமா என்று பாருங்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும், மாதம் ஒன்று என்றாலும் சரி. "செவ்வாய்தோறும் வரும்" என்ற அறிவிப்பெல்லாம் நாலைந்து இதழ் போன பிறகு கொடுக்கலாம்.

படி 2: கேள்விகளைச் சேருங்கள்

எழுத விஷயம் இல்லை என்பவர்களிடம் வாடிக்கையாளர்கள் தினமும் கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். போனில் ஒரு குறிப்பைத் திறந்து, அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட சொற்களிலேயே எழுதி வையுங்கள்.

சூரிய மின்தகடு பொருத்துவது உங்கள் தொழில் என்று வைத்துக்கொள்வோம். "மேகமா இருந்தா கரண்ட் வராதா?" என்று ஒருவர் கேட்கிறார். வரும், ஆனால் குறையும் என்பது பதில். அதோடு, கடும் வெயிலில் தகடு சூடேறினாலும் உற்பத்தி சற்றுக் குறையும் என்பது பலருக்குத் தெரியாது. இவ்வளவு போதும், ஒரு இதழ் தயார். "எங்கள் நிறுவனம் தரத்தில் சிறந்தது" என்று நான்கு பத்தி எழுதினால் யார் படிப்பார்கள்?

விவசாயக் கருவிகள் செய்யும் ஜான் டியர் நிறுவனம் 1895இல் தொடங்கிய 'தி ஃபரோ' என்ற இதழ் இன்றும் வருகிறது. அதில் விவசாயிக்குப் பயன்படும் செய்திகள்தான் முன்னால் நிற்கும்.

படி 3: ஒரே வடிவம் வைத்துக்கொள்ளுங்கள்

கேள்வி, பதில், ஒரு எடுத்துக்காட்டு, கடைசியில் "சந்தேகம் இருந்தால் இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதுங்கள்" என்று ஒரு வரி. முந்நூறு சொல் தாண்ட வேண்டியதில்லை.

படி 4: வேலையைப் பிரித்துப் போடுங்கள்

ஒரு நாள் கேள்வியை மட்டும் தேர்ந்தெடுங்கள். இன்னொரு நாள் அரை மணி நேரம் உட்கார்ந்து, பிழை பார்க்காமல் எழுதி முடியுங்கள். மூன்றாவது நாள் திருத்தி, தலைப்பு வரி எழுதி, அனுப்பும் நேரத்தை முன்கூட்டியே குறித்து வைத்துவிடுங்கள். எழுதும்போதே திருத்தினால் முதல் பத்தியிலேயே நின்றுவிடுவீர்கள்.

படி 5: இரண்டு இதழ் கையிருப்பு

எந்த மாதத்திலும் அனுப்பக்கூடிய இரண்டு இதழ்களை முடித்து ஒதுக்கி வையுங்கள். காய்ச்சல் வந்த வாரத்தில் அதில் ஒன்று போகட்டும். எடுத்ததை உடனே நிரப்புங்கள். இந்தப் பட்டியலில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

படி 6: போய்ச் சேருகிறதா என்று பாருங்கள்

சொந்த டொமைன் முகவரியிலிருந்து, அதாவது உங்கள் இணையதளப் பெயரில் முடியும் மின்னஞ்சல் முகவரியிலிருந்து அனுப்புங்கள். மடல் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகளையும் ஒருமுறை சரிசெய்துவிடுங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புபவர்களிடம் இவற்றைக் கண்டிப்பாகக் கேட்கின்றன. ஏறக்குறைய 102 கேபி (கிலோபைட்) அளவைத் தாண்டும் மின்னஞ்சலின் அடிப்பகுதியை ஜிமெயில் மறைத்துவிடும். அன்சப்ஸ்கிரைப் இணைப்பு, அதாவது இனி மடல் வேண்டாம் என்று விலகுவதற்கான இணைப்பு, பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அது கண்ணில் படவில்லை என்றால் ஆட்கள் ஸ்பாம் பொத்தானை அழுத்திவிடுவார்கள்.

படி 7: எதை எண்ணுவது?

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை முழுதாக நம்பாதீர்கள். ஆப்பிள் 2021இல் கொண்டுவந்த தனியுரிமை வசதி, படிக்காத மடலையும் திறந்ததாகக் காட்டிவிடக்கூடும். எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று பாருங்கள். அந்தப் பதில்களில் வரும் கேள்விகளும் படி 2இல் சொன்ன குறிப்பில் சேரட்டும்.

ஒரு இதழ் தவறிவிட்டால்? மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுத வேண்டாம், விட்டதைச் சேர்த்து இரண்டாக அனுப்பவும் வேண்டாம். பெரும்பாலானவர்கள் கவனித்திருக்கவே மாட்டார்கள். அடுத்த தேதியில் வழக்கம்போல அனுப்புங்கள்.