நான்கு காயிலையும் மாற்றுவதற்கு முன்

ஜாலான் ஈப்போ நெரிசலில் சிக்னலுக்கு நிற்கும்போது காடி குலுங்கி, மிதித்தால் இழுக்காமல் திணறுகிறதா? பட்டறையில் நான்கு காயிலையும் (ஸ்பார்க் பிளக்கில் பொறி வர மின்சாரம் கொடுப்பவை) மாற்றச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள்.

எஞ்சின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் மலிவான ஓபிடி ஸ்கேனரைச் செருகிப் பாருங்கள். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பிளக்குக்கு ஒரு காயில் இருக்கும் வண்டி என்றால், எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, இரண்டாவது காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போடுங்கள். ஸ்கேனரில் அந்தக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் கெட்டது காயில்தான். அதை மட்டும் வாங்கினால் போதும். பி0302 அப்படியே நின்றால் பிளக்கையும் இதே மாதிரி இடம் மாற்றிப் பாருங்கள். கழற்றும்போது பிளக் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால், ராக்கர் கவர் கேஸ்கெட்டை (எஞ்சின் மேல்மூடியில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் பட்டை) மாற்றாமல் புதுக் காயில் போடுவது வீண் செலவு.

நம் ஊர் வெயிலில் ஹீட்டரை யார் திருப்புகிறார்கள்? ஆனாலும் கேமரன் மலையில் அது சூடாகவில்லை, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டும் அடிக்கடி குறைகிறது, கூடவே இந்தத் திணறலும் என்றால் எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். அது வீட்டில் பார்க்கும் வேலையல்ல.

எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அதன் விலை காயிலைப்போல் பல மடங்கு.